பழைய காடியின் இரண்டு ஒழுக்குகள்



காஜாங்கிலிருந்து செமினி, பெரானாங், மந்தின் வழியாகச் சிரம்பானுக்குச் செல்லும் பழைய பெருஞ்சாலை உங்களில் பலருக்குப் பழக்கமானதே. அந்தச் சாலையில் ஒரு காலத்தில் மோரிஸ் மைனர் காடிகள் நிறைய ஓடின. தோட்டத்துப் பெரிய கிராணி, டிரஸ்ஸர், பள்ளித் தலைமையாசிரியர் போன்றவர்கள் விரும்பி வாங்கிய காடி அது. அலெக் இஸிகோனிஸ் என்ற பொறியியலாளர் வடிவமைத்த அந்தக் காடி 1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. 1971 வரை அதைச் செய்தார்கள். பத்து லட்சத்துக்கு மேல் விற்ற முதல் பிரிட்டிஷ் காடி என்ற பெருமையும் அதற்கு உண்டு. செமினி வட்டாரத்தில் கித்தாத் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. ஆனாலும், தாத்தா ஓட்டிய காடி என்று தகரக் கொட்டகைக்குள் ஒரு பழைய மோரிஸைப் பாதுகாத்து வரும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. பிள்ளைகளின் கல்யாணத்துக்கு அதைத் துடைத்து, பூச்சரம் கட்டி வெளியே எடுக்கிறார்கள்.

இப்படிப்பட்ட காடிக்குப் புதுச்சாயம் பூச ஆளுண்டு. அடியில் குனிந்து பார்க்கத்தான் ஆளில்லை. அடியில் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று பெட்ரோல் டாங்கி, மற்றொன்று பிரேக். இரண்டிலும் வருவது ஒழுக்குதான். ஆனால் இரண்டும் ஒரே மாதிரியான ஒழுக்கு அல்ல. டாங்கியின் ஒழுக்கு பெரும்பாலும் காடி நிற்கும்போது கெடுதல் செய்யும். பிரேக்கின் ஒழுக்கு காடி ஓடும்போது கெடுதல் செய்யும். டாங்கி ஒழுகினால் மூக்கு சொல்லிவிடும். பிரேக் ஒழுகினால் யாரும் சொல்லமாட்டார்கள். நாமாகத் தேடிப் பார்க்க வேண்டும். ஒன்றைச் சில சமயம் ஒட்டுப்போட்டு ஓட்டலாம். மற்றொன்றை ஒருபோதும் ஒட்டுப்போடக் கூடாது. இந்த வித்தியாசம் ஏன் என்பதைத்தான் இன்று விளக்கப் போகிறேன்.

முதலில் டாங்கி.

மோரிஸ் மைனரில் டாங்கி காடியின் பின்புறம், சாமான் வைக்கும் பெட்டிக்கு அடியில் இருக்கிறது. மெல்லிய இரும்புத் தகட்டை அழுத்தி, இரண்டு பாதிகளாக்கி, விளிம்பில் இணைத்தது அது. துரு இரண்டு பக்கமும் பிடிக்கும். வெளியே, தகட்டு இடுக்குகளில் சேறு தங்கி ஈரமாகவே இருக்கும். உள்ளே எப்படித் துரு வரும் என்று கேட்பீர்கள். அரை டாங்கி பெட்ரோலோடு காடி மாதக்கணக்கில் சும்மா நின்றால், மீதி இடத்தில் இருக்கும் காற்றின் ஈரம் இரவுக் குளிரில் தகட்டில் வியர்த்து உள்ளே வடியும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது. ஆகவே அது அடியில் போய்த் தங்கும். அடித்தகடும் அடிவிளிம்பும் முதலில் ஓட்டையாவது இதனால்தான். நம் நாட்டு ஈரக்காற்றில் இது விரைவாகவே நடக்கும். ஓடாத காடிதான் அதிகம் துருப்பிடிக்கும் என்று பட்டறைக்காரர்கள் சொல்வது வெறும் பேச்சு அல்ல.

ஒழுக்கு எங்கே என்று கண்டுபிடிப்பதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். பெட்ரோல் வழிந்து ஓடி, தாழ்வான இடத்தில் சொட்டும். சொட்டும் இடம் ஓட்டை இருக்கும் இடம் அல்ல. டாங்கி நிறைய ஊற்றிய நாளில் மட்டும் வாடை வந்து, பாதியானதும் நின்றுவிட்டால், குற்றம் மேலே இருக்கிறது: பெட்ரோல் ஊற்றும் குழாயின் இணைப்பு, அல்லது பெட்ரோல் அளவு காட்டும் கருவியின் வாஷர். எப்போதும் சொட்டினால் குற்றம் அடியில். மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. அதுதான் பலரை ஏமாற்றுவது. மோரிஸ் மைனரின் பெட்ரோல் பம்பு முன்புறம் என்ஜின் அருகில் இருந்துகொண்டு, பின்புறத்து டாங்கியிலிருந்து நீண்ட குழாய் வழியாக உறிஞ்சுகிறது. அந்தக் குழாயில் ஊசித்துளை விழுந்தால் பெட்ரோல் வெளியே சொட்டாமலே இருக்கலாம். ஆனால் காற்று உள்ளே போகும். சாவியைத் திருப்பியதும் பம்பு நாலைந்து முறை டிக் டிக் என்று அடித்து நிற்க வேண்டும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால், டாங்கியில் பெட்ரோல் இல்லை, அல்லது குழாயில் காற்று புகுகிறது என்று பொருள்.

இனி ஆபத்தைப் பற்றி. தாய்மார்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும்.

எரிவது பெட்ரோல் அல்ல, அதன் ஆவி. நீர் உறையும் குளிரிலும் பெட்ரோலிலிருந்து தீப்பற்றக்கூடிய ஆவி எழும். நம் ஊர் வெயிலுக்குக் கேட்கவா வேண்டும்? அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. புகையைப் போல் மேலே போகாது. தண்ணீரைப் போல் தரையோடு தவழ்ந்து, பள்ளத்தைத் தேடிப் போகும். லயத்து வீடுகளின் முன்னால் ஓடும் கால்வாயை நினைத்துப் பாருங்கள். ஒரு வீட்டு முற்றத்தில் டாங்கியைக் கழற்றிப் பெட்ரோலை வடித்தால், ஆவி அந்தக் கால்வாய் வழியே நான்கு வீடு தள்ளி இருக்கும் அடுப்பைப் போய்த் தொடலாம். அங்கிருந்து தீ அதே வழியில் திரும்பி வரும். சமையலடுப்பு, கொசுவர்த்தி, சாமி விளக்கு, வாயில் இருக்கும் சிகரெட், இவற்றில் எது என்றாலும் போதும். டாங்கியில் கை வைக்கும் நாளில் அந்தப் பக்கம் அடுப்பெரியக் கூடாது, பிள்ளைகள் விளையாடக் கூடாது. முதல் வேலையாக பேட்டரி கம்பியைக் கழற்றிவிட வேண்டும். மின்விளக்கைக் கயிற்றில் தொங்கவிட்டு வேலை செய்வதும் தவறு. பல்பு உடைந்தால் தீப்பொறி விழும். பகல் வெளிச்சத்தில், திறந்தவெளியில் செய்ய வேண்டிய வேலை இது.

பெட்ரோலைக் குழாய் வைத்து வாயால் உறிஞ்சுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். வயிற்றுக்குள் போவதைவிட, புரையேறி நுரையீரலுக்குள் போவதுதான் பெரிய ஆபத்து. சில துளிகளே போதும், நுரையீரல் வெந்துவிடும். அப்படிப் போய்விட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வாந்தி வரும்போது மறுபடியும் புரையேறும். நேரே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

நிறைந்த டாங்கி ஆபத்தா, காலி டாங்கி ஆபத்தா என்று கேட்டால், நிறைந்தது என்றுதான் பலரும் சொல்வார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. நிறைந்த டாங்கிக்குள் காற்றுக்கு இடமில்லை. காற்றில்லாமல் தீ இல்லை. வடித்துவிட்ட டாங்கிக்குள் மிஞ்சிய ஒரு கரண்டி பெட்ரோல் ஆவியாகிக் காற்றோடு கலந்து நிற்கும். நூறு பங்கில் ஒன்றரைப் பங்கிலிருந்து ஏழு பங்கு வரை ஆவி கலந்த காற்று வெடிக்கும் கலவை. அந்த நிலையில் உள்ள டாங்கி ஒரு வெடிகுண்டு. ‘காலிதானே’ என்று அதன்மேல் வெல்டிங் தீயை வைத்து உயிரிழந்தவர்கள் உலகமெங்கும் உண்டு. ஒரு முறை தண்ணீர் விட்டுக் குலுக்கியதால் அது சுத்தமாகிவிடாது. துருச் செதில்களுக்குள்ளும் விளிம்பின் மடிப்புக்குள்ளும் ஒளிந்திருக்கும் பெட்ரோல், சூடு பட்டதும் மறுபடி ஆவியாக வெளியே வரும்.

ஆகவே என் கருத்து இது: நெருப்பு வைத்துச் செய்யும் டாங்கி வேலை எதையும் வீட்டில் செய்யக் கூடாது. ரேடியேட்டர் பழுது பார்க்கும் கடைகளில் இதை அறிந்தவர்கள் இருக்கிறார்கள். டாங்கிக்குள் நீராவியைப் பல மணி நேரம் செலுத்தி, பிறகு கரியமில வாயு போன்ற எரியாத வாயுவை நிரப்பி, அதன் பிறகே ஈயப்பற்று வைப்பார்கள். அப்படிச் செய்யாமல் நேரே தீயை எடுக்கிற கடையானால், டாங்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

நெருப்பில்லாமல் வீட்டில் செய்யக்கூடியவை உண்டா என்றால், உண்டு. வழியில் ஒழுக ஆரம்பித்தால், உலர்ந்த சவர்க்காரக் கட்டியை ஓட்டையின்மேல் அழுத்தித் தேய்ப்பது பழைய வழக்கம். இதில் அறிவு இருக்கிறது. சவர்க்காரம் தண்ணீரில் கரையும், பெட்ரோலில் கரையாது. ஆகவே அடுத்த பட்டறை வரை தாங்கும். மழையில் நனைந்தால் போய்விடும். நிலையான ஒட்டுக்கு, இரண்டு பசைகளைச் சேர்த்துக் குழைக்கும் எப்பாக்ஸி வகை இருக்கிறது. பெட்ரோலைத் தாங்கக்கூடியது என்று உறையில் எழுதியிருக்க வேண்டும். டாங்கியை வடித்துக் கழற்றி, ஓட்டையைச் சுற்றிச் சாயமும் துருவும் போய் வெள்ளைத் தகடு தெரியும்வரை கையால் தேய்த்து, உலர வைத்துப் பூச வேண்டும். மின்சாரத் தேய்ப்புக் கருவி பொறி கிளப்பும், அதைத் தொடாதீர்கள். ஊசித்துளைக்கு இந்த ஒட்டு வருடக்கணக்கில் தாங்கும். டாங்கிக்குள் இருக்கும் அழுத்தம் பெட்ரோலின் சொந்தக் கனம் மட்டுமே என்பதால்தான் இது சாத்தியமாகிறது. விரல் வைத்தால் தகடு அமுங்குகிறது, விளிம்பு முழுவதும் பொரிந்திருக்கிறது என்றால் ஒட்டு பயன்படாது. மோரிஸ் மைனருக்குப் புது டாங்கி இங்கிலாந்தில் இன்றும் செய்து விற்கிறார்கள். அதை வரவழைப்பதே சிக்கனம்.

உள்பக்கத் துருவைக் கரைக்கக் கித்தாப்பாலை உறையவைக்கும் ஆசிட்டை ஊற்றலாமா என்று கேட்பார்கள். அது பார்மிக் அமிலம். துருவைக் கரைக்கும், உண்மை. ஆனால் துருவோடு நல்ல இரும்பையும் தின்னும். அப்போது எழும் ஹைட்ரஜன் வாயு தீப்பிடிக்கக்கூடியது. கெட்டியான ஆசிட் தோலையும் கண்ணையும் என்ன செய்யும் என்பது ஆலையில் வேலை செய்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலம் தூளாகக் கடையில் கிடைக்கிறது. அது மெதுவாக வேலை செய்யும், பயம் குறைவு. பெட்ரோல் வாடை முழுதும் போகக் கழுவிய டாங்கியில், வெந்நீரில் கரைத்து ஊற்றி ஒரு நாள் வைத்து, பின் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவி, உடனே உலர்த்த வேண்டும். உள்ளே ஊற்றிப் பூசும் மருந்துகளும் விற்கிறார்கள். அவற்றை நான் முழு மனதோடு சிபாரிசு செய்வதில்லை. துருவின்மேல் பூசிய பூச்சு ஓராண்டில் தோலாக உரிந்து, குழாய் வாயை அடைத்துவிடும்.

ஒட்டுப் பிடித்ததா என்று சோதிக்க சைக்கிள் டியூப் வழிதான். டாங்கியின் துவாரங்களை அடைத்து, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். காற்றை மிக மெல்ல ஏற்ற வேண்டும். டயருக்கு அடிப்பது போல் அடித்தால் டாங்கி பலூனாகிவிடும்.

இப்போது பிரேக்குக்குப் போகுமுன், நமக்கு நன்கு தெரிந்த ஒரு பொருளைப் பற்றிப் பேச வேண்டும். கித்தா. செமினிக்குப் பக்கத்திலே காஜாங் இஞ்ச் கென்னத் தோட்டத்தில் 1890களிலேயே கித்தா பயிரிட்டார்கள். இந்த நாட்டில் வியாபாரத்துக்காகப் பயிரிட்ட முதல் தோட்டங்களில் அது ஒன்று. அப்படிப்பட்ட தோட்டங்களில் நம்மவர்கள் இருட்டோடு எழுந்து சீவிய பால்தான் உலகத்துக் காடிகளின் டயர் ஆனது, குழாய் ஆனது. பிரேக்குக்குள் இருக்கும் சின்னஞ்சிறு ரப்பர் கிண்ணமும் ஆனது. காசளவே இருக்கும் அந்தக் கிண்ணம்தான் பழைய காடியை நிறுத்துகிறது.

கித்தாவுக்கு ஒரு குணம் உண்டு. பெட்ரோல், மண்ணெண்ணெய், என்ஜின் எண்ணெய், கிரீஸ் இவையெல்லாம் அதற்கு விரோதி. பட்டால் ஊதிப் பெருத்து, மெத்தென்று ஆகிவிடும். வீட்டில் பெரிய பிள்ளைகள் இதைச் சோதித்துப் பார்க்கலாம், அடுப்புக்குத் தூரமாக. ஒரு ரப்பர் வளையத்தை வெட்டி, ஒரு துண்டை மண்ணெண்ணெயிலும் மற்றொரு துண்டை விளக்கெண்ணெயிலும் ஓர் இரவு போட்டு வையுங்கள். காலையில் மண்ணெண்ணெய்த் துண்டு நீண்டு தடித்திருக்கும். விளக்கெண்ணெய்த் துண்டு பெரிதாக மாறியிருக்காது. அந்தக் காலத்துப் பிரேக் எண்ணெயை விளக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்து செய்ததன் காரணம் இதுவே. நாம் வயிற்றைக் கழுவக் குடித்த அதே விளக்கெண்ணெய்! இப்போது வரும் பிரேக் எண்ணெய் கிளைக்கால் என்ற வகையைச் சேர்ந்தது. அதுவும் இந்த ரப்பருக்கு நண்பன்தான்.

பெட்ரோல் குழாய்க்குப் போடுவது வேறு வகைச் செயற்கை ரப்பர். அது பெட்ரோலைத் தாங்கும், பிரேக் எண்ணெயைத் தாங்காது. இரண்டும் கறுப்பு, இரண்டும் ஒரே பருமன். கண்ணால் பார்த்து ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட முடியாது. பூச்செடிக்குத் தண்ணீர் விடும் குழாயில் ஒரு முழம் வெட்டிப் பெட்ரோலுக்குப் பூட்டுவதைப் பற்றி நான் என்ன சொல்ல?

பிரேக் வேலை செய்வது எளிய தத்துவத்தில். டிரஸ்ஸர் ஊசி போடும் சிரிஞ்சுகள் இரண்டை எடுத்து, ஊசியைக் கழற்றி, நடுவில் ஒரு குழாயால் இணைத்து, தண்ணீர் நிரப்பியதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை அழுத்தினால் மற்றொன்று வெளியே தள்ளும். அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும் என்ற இந்த விதியைப் பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கல் என்ற பிரெஞ்சு அறிஞர் கூறினார். அதைக் காடியின் பிரேக்குக்குப் பொருத்தியவர் அமெரிக்காவின் மால்கம் லாக்ஹீட். 1921இல் டூசன்பர்க் என்ற காடியில் நான்கு சக்கரத்துக்கும் அது பூட்டப்பட்டது. விமானத்தில் எழுதியிருக்கும் லாக்ஹீட் என்ற பெயரும் அதே குடும்பத்துடையதுதான். மோரிஸ் மைனரில் இருப்பதும் லாக்ஹீட் பிரேக்தான்.

காலால் மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டர் எண்ணெயைத் தள்ளுகிறது. சக்கரத்தில் உள்ள சிறு சிலிண்டர்கள் ஷூவை விரித்து டிரம்மின் உட்புறத்தில் அழுத்துகின்றன. பலமாக மிதித்தால் குழாய்க்குள் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு நூற்றுக்கணக்கான ராத்தல் ஆகும். டயரில் நாம் அடிக்கும் காற்று 25 ராத்தல் அளவுதான். ஆகவே டாங்கிக்குச் செய்தது போல் பிரேக் குழாய்க்குப் பசை வைப்பதும், நாடா சுற்றுவதும், ஈயம் பற்றவைப்பதும் உயிரோடு விளையாடுவதாகும். முற்றத்தில் மெல்ல மிதித்துப் பார்க்கும்போது அந்த ஒட்டு நிற்கும். மந்தின் மலைச்சாலை இறக்கத்தில், குறுக்கே ஒரு பிள்ளை ஓடி வரும்போதுதான் நாம் முழு பலத்தோடு மிதிப்போம். அது பிய்வதும் அப்போதுதான்.

பழைய காடிகளில் இன்னொரு குறை. இன்றைய காடியில் பிரேக் எண்ணெய் இரண்டு தனிப் பாதைகளில் ஓடுகிறது. ஒன்று போனாலும் மற்றொன்று நிறுத்தும். மோரிஸ் மைனரில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பாதை. எங்கே ஒழுகினாலும் நான்கும் போகும். மிஞ்சுவது கம்பியால் இழுக்கும் கைப்பிரேக் ஒன்றே. ஆகவே இப்படிப்பட்ட காடியில் கைப்பிரேக் என்பது நிறுத்தி வைப்பதற்கு மட்டுமல்ல, உயிர்காக்கும் இரண்டாவது பிரேக் அதுவே. அதன் கம்பி நைந்திருக்கக் கூடாது.

மாஸ்டர் சிலிண்டர் எங்கே என்று பலருக்குத் தெரிவதில்லை. மற்றக் காடிகளைப் போல் என்ஜின் பக்கம் தேடினால் கிடைக்காது. ஓட்டுநரின் காலடியில், விரிப்பைத் தூக்கினால் தரையில் ஒரு மூடி தெரியும்; அதற்கடியில் இருக்கிறது. கண்ணில் படாத இடமாதலால் எண்ணெய் குறைவதும் கண்ணில் படுவதில்லை. மாதம் ஒரு முறையாவது திறந்து பாருங்கள். வாய்க்கு அரை அங்குலம் கீழே எண்ணெய் நிற்க வேண்டும். திறக்குமுன் மூடியைச் சுற்றி மண் போகத் துடையுங்கள். குறைந்திருந்தால் ஊற்றி மூடிவிட்டுப் போவது தவறு. பிரேக் எண்ணெய் எரிந்து தீர்வதில்லை. குறைந்தால் எங்கோ ஒழுகியிருக்கிறது.

மிதியும் பேசும். மிதித்துக்கொண்டே இருக்கும்போது கால் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் தேய்ந்துவிட்டது. பஞ்சுமேல் மிதிப்பது போல் இருந்தால் குழாயில் காற்று இருக்கிறது. எண்ணெய் அமுங்காது, காற்று அமுங்கும். முதல் மிதியில் ஆழமாகப் போய், இரண்டாம் மிதியில் மேலே நின்றால், ஷூ தேய்ந்து இடைவெளி கூடியிருக்கிறது. முன் சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு திருகுகளும் பின்னால் ஒவ்வொன்றும் உண்டு, அவற்றைத் திருப்பிச் சரிசெய்யலாம். காடி ஒரு பக்கம் இழுத்தால் ஒரு சக்கரத்துச் சிலிண்டர் ஒழுகி, லைனிங் எண்ணெயில் ஊறியிருக்கக்கூடும். அந்த டயரின் உட்பக்கம் ஈரமாக இருக்கும். ஊறிய லைனிங்கைச் சுட்டோ கழுவியோ திரும்பப் போடுவார்கள். வேண்டாம், மாற்றிவிடுங்கள். இன்னொன்று, சக்கரத்துக்குப் போகும் ரப்பர்க் குழாய் வெளியே நன்றாக இருந்து, உள்ளே ஊதி அடைத்துக்கொள்வது உண்டு. எண்ணெய் போகும், திரும்பி வராது. அந்தச் சக்கரம் மட்டும் எப்போதும் சுடும்.

டிரம்மைக் கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் என்ற கல்நார் கலந்திருந்தது. டிரம்முக்குள் இருக்கும் கறுப்புத் தூளை வாயால் ஊதுவதும், காற்றடித்து விரட்டுவதும் பட்டறைகளில் சாதாரணம். அந்த நார்த்தூள் நுரையீரலில் தங்கிவிடும். நோய் இருபது முப்பது வருடம் கழித்துத் தெரியும். உலர்ந்த தூளைக் கிளப்பாமல், ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறிய வேண்டும். வேலைச் சட்டையை உதறாதீர்கள். மற்றத் துணிகளோடு ஊறப்போடாதீர்கள். துவைக்கிற பெண்களின் நெஞ்சுக்குள்ளும் அதே தூள்தான் போகும்.

சிலிண்டரைப் பிரித்தால் அதன் உட்புறத்தை வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணாடி போல் வழவழப்பாக இருந்தால் புது ரப்பர் போட்டால் போதும். நகத்தால் தடவும்போது குழி தட்டுப்பட்டால், புது ரப்பரையும் அந்தக் குழி கிழித்துவிடும். சிலிண்டரையே மாற்ற வேண்டும். கழுவுவதற்குப் புதிய பிரேக் எண்ணெய் அல்லது மெத்தலேட்டட் ஸ்பிரிட் மட்டுமே. பெட்ரோலில் அலசிப் பளிச்சென்று துடைத்துப் பூட்டுகிறவர், தெரியாமலே புது ரப்பருக்கு விஷம் வைக்கிறார். கிரீஸும் தடவக் கூடாது. பிரேக் ரப்பருக்கென்று விற்கும் சிவப்புக் கிரீஸ் மட்டும் ஆகும். யாராவது அவசரத்தில் என்ஜின் எண்ணெயை ஊற்றிவிட்டால், அந்தப் பாதையில் உள்ள ரப்பர் அத்தனையையும் மாற்றியே ஆக வேண்டும்.

பூட்டிய பிறகு காற்றை வெளியேற்றுவது இருவர் வேலை. தூரத்துச் சக்கரத்திலிருந்து, அதாவது இடது பின் சக்கரத்திலிருந்து, தொடங்க வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதிக்க, மற்றவர் சக்கரத்தின் பின்னால் உள்ள சிறு திருகைத் திறந்து, அதில் மாட்டிய குழாயின் மறுமுனையை எண்ணெய் உள்ள கண்ணாடிப் போத்தலில் அமிழ்த்த வேண்டும். மிதி கீழே போகும்போது குமிழி வரும். மிதி மேலே வருமுன் திருகை மூட வேண்டும். ‘மிதி’, ‘விடு’ என்று ஒருவர் குரலுக்கு மற்றவர் கட்டுப்பட்டால்தான் நடக்கும். கணவன் மனைவி சேர்ந்து செய்கிற வீடுகளில் சில சமயம் காற்றோடு வேறு சிலதும் வெளியேறுவது உண்டு. மிதியைத் தரைவரை ஓங்கி மிதிக்காதீர்கள். பழைய சிலிண்டரில் ரப்பர் வழக்கமாகப் போகாத துருப்பிடித்த இடம்வரை போய்க் கிழிந்துவிடும். போத்தலில் விழுந்த எண்ணெயைத் திரும்ப ஊற்றவும் கூடாது.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. மூன்றாம் தரம் எனப்படும் டாட் 3 எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் குறைந்து கொதிக்காது. ஈரம் ஏறினால் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். நீண்ட இறக்கத்தில் பிரேக்கிலேயே கால் வைத்து இறங்கினால் சக்கரம் அந்தச் சூட்டை எட்டும். எண்ணெய் ஆவியாகி, மிதி வெறுமனே கீழே போய்விடும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை எண்ணெய் முழுவதையும் மாற்றுவதும், இறக்கத்தில் இரண்டாம் கியரில் இறங்குவதும் இதற்காகவே. அப்படியும் மிதி போய்விட்டால், விடாமல் வேகமாக மிதித்து மிதித்துப் பாருங்கள், கியரைக் குறையுங்கள், கைப்பிரேக்கைப் பட்டென்று இழுக்காமல் சிறிது சிறிதாக இழுங்கள். என்ஜினை அணைக்காதீர்கள், காடியின் வேகத்தை அதுவும் பிடித்து நிறுத்துகிறது.

மிஞ்சிய பெட்ரோலையும் பிரேக் எண்ணெயையும் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கம் தோட்டப்புறத்தில் வேரூன்றியது. பாராகுவாட் என்ற களைக்கொல்லியை இப்படி வைத்ததால் நேர்ந்த சாவுகளை முதியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது 2020ஆம் ஆண்டு இந்நாட்டில் தடைசெய்யப்பட்டது. போத்தல் பழக்கம் மட்டும் போகவில்லை. பிரேக் எண்ணெய் நிறமற்றோ தேன் நிறத்திலோ இருக்கும். விஷம். அதை வாங்கிய டின்னிலேயே மூடி, எட்டாத உயரத்தில் வையுங்கள்.

வேலை முடிந்ததும் காடியைச் சாலைக்குக் கொண்டுபோக அவசரப்படாதீர்கள். முதலில் முற்றத்தில் ஆள் நடக்கும் வேகத்தில் ஓட்டி, பத்துப் பன்னிரண்டு முறை நிறுத்திப் பாருங்கள். பிறகு மிதியைப் பலமாக ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்திருங்கள். கால் இறங்கக் கூடாது. அன்றிரவு டாங்கிக்கு அடியிலும், நான்கு சக்கரங்களுக்கு அடியிலும், ஓட்டுநர் காலடிக்கு நேர் கீழேயும் பழைய நாளிதழ்த் தாள்களை விரித்து, காற்றில் பறக்காமல் கல் வைத்து விடுங்கள். விடிந்ததும் தாள்களை எடுத்துப் பாருங்கள். பெட்ரோல் காய்ந்துபோய் வாடையும் வளையமும் மட்டும் விட்டிருக்கும். பிரேக் எண்ணெய் காயாமல் பிசுபிசுவென்று நிற்கும். ஆறு தாள்களும் சுத்தமாக இருந்தால், அதன் பிறகு காடியை வெளியே எடுக்கலாம்.